கால் கால் பங்காக

முதல் நடை ஐந்தரைக்கு.
கண்ணாடியில் உறைந்த பனியைப்
பழைய அட்டையால் சுரண்டுவார் மொக்கைச்சாமி.
காக்கிமேல் ஸ்வெட்டர், காதில் மப்ளர்:
கொடைக்கானலில் நான் மார்கழி.
ஊத்து தாண்டினால் மப்ளர் கழலும்,
டம்டம் பாறையில் ஸ்வெட்டர்.
காமக்காபட்டி செக்போஸ்ட்டில்
மேல் பொத்தான் இரண்டு.
வத்தலக்குண்டில் இறங்கும்போது
சித்திரை என் முதுகில் வழிந்துகொண்டிருக்கும்.
பிறகு மறுபடி மார்கழிக்கு ஏற வேண்டும்.

மூஞ்சிக்கல்லில் பேக்கரி மாடியில்
டாக்டர் ஸ்டெல்லா.
கோட்டாறில் ஆயுர்வேதம் படித்தவர்.
நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.
“குளிரிலே கட்டின கபம் இது.
இப்போ வெயில் ஏறுதுல்லா, உருகி வருது.
உருகின தண்ணி அடுப்பிலே விழுந்தா
அடுப்பு அணையத்தானே செய்யும்?”
அடுப்பு என்றபோது
என் வயிற்றைக் காட்டினார்.

ஒரு பருவம் மற்றொன்றைத் தொடுமிடத்துக்கு
ருது சந்தி என்று பேராம்.
போகிற பருவத்தின் கடைசி ஏழு நாள்,
வருகிறதன் முதல் ஏழு.
அந்தப் பதினாலு நாளில்
பழைய பழக்கத்தைக் கால் பங்கு விட்டு
புதியதைக் கால் பங்கு பிடித்து
அப்படியே நகர வேண்டுமாம்.

அது எனக்குப் புரியும் மேடம் என்றேன்.
கொண்டை ஊசியில்
ஒரேயடியாக ஸ்டியரிங்கை ஒடிப்பவனை
மலை வைத்துக்கொள்வதில்லை.
ஆனால் என் பதினாலு நாள்
இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே,
அதற்கு உங்கள் புத்தகத்தில் என்ன இருக்கிறது?
எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.
“அதை எழுதினவங்க பஸ் ஓட்டலியே.”

நான் சளி என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.
போன செவ்வாய்க்கிழமையைச் சொல்லவில்லை.
வத்தலக்குண்டில் தயிர்சாதம்,
பெஞ்சில் அரை மணித் தூக்கம்,
ஏறும்போது பெருமாள்மலைக்கு முந்தின வளைவில்
இமை
ஒரு நொடி
தாழ்ந்தது.
முன் சீட்டில் கோழிக்கூண்டோடு ஒரு பெண்.
“அண்ணே” என்றாள், சத்தமாகக்கூட இல்லை.
டெப்போவுக்குத் தெரியாது. வீட்டுக்குத் தெரியாது.

“பகல்ல உறங்குவீங்களா?”
சீட்டைப் பார்த்தபடியேதான் கேட்டார்.
நான் பதில் சொல்லவில்லை.
“அதை இன்னையோட விடணும்.
அதுல மட்டும் கால் பங்கு கணக்கு கிடையாது.”

அன்றிலிருந்து
பிளாஸ்க்கில் சுக்குத் தண்ணீர்.
இளைத்தவனுக்கு எள்ளு என்று தொடங்கி
என் தொப்பையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார் மொக்கைச்சாமி,
டப்பாவில் கொள்ளு ரசம் இருந்தது.
நான் விட்ட தயிரைத் தானே வாங்கிச் சாப்பிட்டார்:
முதலில் கால், பிறகு அரை.
பத்தாம் நாள் கிண்ணம் முழுக்க அவருடையது.
பதினோராம் நாள் சளியும்.

அன்று ராத்திரி மழை.
எதிர்பார்த்த மழையில்லை, கால் மணிநேர மழை.
மூன்று நாள் கழித்து
பண்ணைக்காடு பிரிவில் வண்டியை மெதுவாக்கினேன்,
ஏன் என்று எனக்கே தெரியவில்லை.
தோட்டம் முழுக்கக் காப்பி பூத்திருந்தது,
வெள்ளையை வருஷாவருஷம் பார்த்திருக்கிறேன்.
வாசம் இதுதான் என்று
ஆறு வருஷத்தில் இன்றுதான்
மூக்குக்கு யாரோ சொன்னார்கள்.
ஒரு வளைவு தூரம்.
அப்புறம் முன்னே போன லாரியின் புகை.

மறுநாள் ஐந்து மணி.
கண்ணாடியில் மறுபடி பனி.
சுரண்டிக்கொண்டே தும்முகிறார் மொக்கைச்சாமி:
“எங்கேய்யா உங்க டாக்டரம்மா சொன்ன வசந்தம்?”
ஊத்து வரைக்கும் வந்திருக்கு என்றேன்.
ஏத்தம்ல.
செகண்ட் கியர்லதான் வரும்.