இடது பக்கம், பதினான்கு மில்லி

திருப்பூரில் ஓடிய வண்டி.
வேதாளைக்கு வந்த ஆறாம் நாள்
இடது பின்விளக்குக்குள் நீர் கோத்துக்கொண்டது.

முதலில் யாரோ ஊதிவிட்ட மாதிரி ஒரு மங்கல்.
பிறகு துளி.
பிறகு துளிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இறங்கி
அடியில் ஒரு விரற்கடைக் குளம்.
பிரேக் மிதித்தால் குளம் சிவக்கும்,
சுவரில் மோதித் திரும்பும்.
மண்டபம் ரயில்வே கேட்டில்
பின்னால் நின்ற ஐஸ் லாரிக்காரர் இறங்கி வந்தே கேட்டார்:
"சிஸ்டர், உள்ள மீன் வளக்குறீங்களா?"

செலோடேப் ஒட்டினேன்.
கச்சான் காற்று இரண்டே நாளில் அதை நக்கி எடுத்துவிட்டது.
மாத்திரை டப்பாக்களில் வரும் ஜெல் பொட்டலங்கள் ஏழு சேர்த்து
பல்பு ஓட்டை வழியே உள்ளே விட்டேன்.
விடிந்தபோது ஏழும் ஊறிக் கிடந்தன,
வாளியில் விழுந்த தபால்தலைகள் போல.
"பச்சரிசி போட்டு வைங்க, செல்போனுக்குப் போடுவோம்ல"
என்றாள் பார்மசிஸ்ட் கனிஷ்டா.
அரிசி போடவில்லை.

உச்சிப்புளி சீனி நைனா சுற்றிலும் சிலிக்கான் பூசினார்.
"இனி எறும்பு மூச்சுகூட உள்ள போகாது."
போகவில்லைதான்.
உள்ளே இருந்த ஈரமும் வெளியே போகவில்லை.
அடைத்த அன்று விளக்குக்குள் என்ன காற்று இருந்ததோ
அது பகலெல்லாம் வெந்து
ராத்திரி கண்ணாடியில் வந்து படுத்தது.

ஞாயிற்றுக்கிழமை, டியூட்டி இல்லை.
பத்தாம் நம்பர் ஸ்பேனர், இரண்டு நட்டு,
பூசியதை பிளேடால் கீறி எடுக்க ஒரு மணி நேரம்.
விளக்கு மடியில்.
ஐந்து மில்லி சிரிஞ்ச்.

நெஞ்சில் நீர் கோத்தவர்களுக்கு டாக்டர் ஊசி இறக்கும்போது
கிண்ணம் பிடித்திருக்கிறேன்.
அந்த நீர் வைக்கோல் நிறம்.
இதற்கு நிறமே இல்லை.
ஐந்து. ஐந்து. நான்கு.

எந்த வகுப்பிலும் சொல்லித்தராத காரியம்:
ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன்.
உப்புக் கரித்தால் விரிசல், கடல் நேராக நுழைகிறது.
கரிக்காவிட்டால்
விளக்கே காற்றைக் குடித்து வியர்க்கிறது.

கரிக்கவில்லை.

ஜன்னல் கம்பியில் உப்பு, கொடியில் காயும் யூனிஃபார்மில் உப்பு,
கிணறு உப்பு, குளித்துவிட்டு வந்த கழுத்தும் உப்பு.
குடம் பன்னிரண்டு ரூபாய்க்குத்
தள்ளுவண்டி மணிச் சத்தத்துக்கு ஓடுகிற தெருவில்
யாரிடமும் சொல்லாமல், ராத்திரி ராத்திரி
ஒரு பிளாஸ்டிக் டப்பா நல்ல தண்ணி இறக்கியிருக்கிறது.

சிரித்துவிட்டேன். அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது,
யார் மேல் என்று தெரியவில்லை.

பார்லரில் கடன் வாங்கிய ஹேர் டிரையர்,
கை பொறுக்கும் சூடு மட்டும். நெருங்கினால் சிவப்பு உருகும்.
காயும்போதுதான் கண்ணில் பட்டது,
விளக்கின் அடியில் கம்பெனிக்காரன் விட்ட ஒரு சின்னத் துவாரம்.
அடைத்திருந்தது.
இருபத்திரண்டு கேஜ் ஊசியால் கிளறினால்
வெள்ளையாய், நீளமாய்,
வந்துகொண்டே இருந்தது
பனியன் பஞ்சு.

அந்த ஊரில் அடைப்பு ஒரு குறையாகத் தெரிந்திருக்காது.
இங்கே காற்று உள்ளே வந்தால் திரும்பிப் போக வழி வேண்டும்.

புது ரப்பர் வைத்து முடுக்கினேன். துவாரத்தைத் தொடவில்லை.
இப்போதும் விடிகாலையில் ஓர் ஓரம் மங்கும்.
மரைக்காயர்பட்டினம் தாண்டுவதற்குள் தானே தெளியும்.
நைனா அதைக் காட்டி, "பாத்தீங்களா, மறுபடி அடைக்கணும்" என்கிறார்.
அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறேன்
ஒவ்வொரு மாதமும்.

பழக்கதோஷத்தில் அந்த நீரை ஒரு காலி மருந்துக் குப்பியில் ஊற்றி
பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருந்தேன்:
இடது பின்விளக்கு. 14 மி.லி. நிறமில்லை. மணமில்லை.
பத்து நாள் ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.
பிறகு ஒருநாள் பானெட்டைத் திறந்து
பேட்டரியின் மூன்றாவது அறை வற்றியிருக்க,
அதிலேயே ஊற்றிவிட்டேன்.

நைனாவிடம் சொல்லவில்லை.
வண்டி முதல் சாவியிலேயே எழுந்தது.