புள்ளி இல்லாத எழுத்து

கிரிம்ஸ்பியில், மீன் ஏலக்கூடத்துக்கு
இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம்.
முதல் வகுப்பு.
நீலக் கம்பளத்தில் இருபத்தேழு பேர்.
ஒருவன் மட்டும்
கம்பளத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருக்கிறான்.

மிஸ் தொரோல்ட் அட்டையைத் தூக்குகிறார்.
"ப… ஏ… ட…" என்கிறது வகுப்பு.
சேர்த்துச் சொல்லுங்கள்.
"பஏட!"
பக்கத்துப் படத்தில் தலைகீழாகத் தொங்கும் வௌவால்
தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அறியாமல்
தூங்குகிறது.

நமக்கென்றால் தலையில் ஒரு பொட்டு போதும்,
அகரம் வாயை மூடிக்கொள்ளும்.
அவர்கள் எழுத்துக்குப் புள்ளி கிடையாது.
அதனால் மிஸ் தொரோல்ட்
இரண்டு விரலைக் கத்தரியாக்கி
ஒவ்வொரு ஒலிக்கும் வாலை நறுக்குகிறார்
காற்றில்.
ப் என்றால் ப் மட்டும். உதடு திறந்த சத்தம். அவ்வளவே.
காலை ஒன்பதிலிருந்து ஒன்பதே முக்கால் வரை
அந்த அறையில் விழுந்த வால்களைப் பெருக்க
யாரும் வருவதில்லை.

எஸ் தனியாக இருந்தால் பாம்பு.
எச் தனியாக இருந்தால்
ஓடிவந்தவன் வாங்கும் மூச்சு.
இரண்டையும் அடுத்தடுத்து உட்கார வைத்தால்
உதட்டில் விரல் வைத்து, ஷ்!
இது எல்லோருக்கும் பிடித்த பாடம்.
இருபத்தேழு பேரும் கத்திக் கத்தி
அமைதி கேட்டார்கள்.

நூல் பிரிப்பவன் பெயர் ஜென்சன்.
முன்பல் இரண்டும் விழுந்த வாரம்
நாக்கு நிற்க இடமில்லாமல்
அவனுடைய த்ரீ, ஃப்ரீ ஆயிற்று.
மூன்று ஆப்பிள் எத்தனை என்றால்
இலவசம் என்கிறான்.
கத்தி என்ற சொல்லுக்கு முன்னால்
ஒரு கே பேசாமல் நிற்கிறதே, ஏன் என்றும் அவன்தான் கேட்டான்.
"தெரியாது" என்றார் மிஸ் தொரோல்ட்.
"எனக்கு முன்னால் இருந்தே நிற்கிறது."

ஜூன் மாதம் பரீட்சை.
ஒவ்வொருவராக, நூலக மூலையில், கதவைச் சாத்தி.
நாற்பது சொற்கள்.
பாதிக்கு அர்த்தமே கிடையாது.
மனப்பாடம் செய்து ஏமாற்றாதபடி
எங்கேயும் இல்லாத சொற்கள்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
அந்தப் பெயர் கொண்ட ஒரு பூதத்தின் படம்:
மூன்று கண், சுருட்டை வால், பச்சை வயிறு.

பதினோராவது பூதத்தின் பெயர் ஸ்ட்ராம்.
ஜென்சன் விரல் வைத்தான்.
எஸ். டி. ஆர்—
அங்கே நின்றுவிட்டது விரல்.
பிறகு ஆரையும் ஓவையும்
சண்டைக்காரப் பிள்ளைகளைப் போல
இடம் மாற்றி உட்காரவைத்து,
"ஸ்டார்ம்" என்றான்.
புயல்.

அவன் அப்பா கடலுக்குள்
காற்றாலைக் கோபுரங்களில் வேலை.
நேற்று திரும்பியிருக்க வேண்டும்.
அலை இரண்டு மீட்டருக்கு மேல் போனால்
படகு எடுக்க மாட்டார்கள்.

ஆசிரியர் காத்திருக்கலாம்.
தலையசைக்கக் கூடாது, புருவம் தூக்கக் கூடாது,
விதி.
மிஸ் தொரோல்ட் காத்திருந்தார்,
பென்சில் வியர்க்கும் அளவுக்கு.
ஜென்சன் பூதத்தை நெருங்கிக் குனிந்து
ரகசியமாகச் சொன்னான்:
"உன் பேரைத் தப்பா எழுதி வச்சிருக்காங்க."

அவர் போட்டது பூஜ்யம்தான்.
வேறென்ன போட.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், எதையோ எழுதினார்.
பிறகு அதை ரப்பரால் அழித்தார்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.

முடிந்ததும் விளையாட அனுப்பினார்.
தாழ்வாரக் கோடியில் கனமான கதவு,
இரும்புத் தகட்டில் நான்கு எழுத்து.
செப்டம்பரிலிருந்து அவன்
யாராவது பெரியவர்கள் வரட்டும் என்று
நின்ற இடம்.
விரல் வைத்தான்.
ப்.
உ; அந்த ஊர் வாயில் அது குறுகியே வரும்.
பிறகு, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த இருவர்.
ஷ்.

யாரும் பேசவில்லை தாழ்வாரத்தில்.
சொல் சொன்னதை அவன் செய்தான்,
இரண்டு கையாலும், தோளாலும், நெற்றியாலும்.
மறுபக்கம் கடல்காற்று
அதே சொல்லைப் படித்துக்கொண்டிருந்தது.