மீதி ஒன்று

510510க்குப் போகவேண்டிய பொட்டலம்
510511க்கு வந்துவிட்டது, என்னிடம்.
அதே ஒன்பதாம் மாடி, அதே 214.
பெயர் மட்டும் ஃபரிதா பிந்தி ரோஸ்லான்.

மூன்று நாள் காலணி அலமாரிமேல் கிடந்தது.
இன்று காலை, போகிற வழியில் கொடுக்கலாமென்று எடுத்தேன்.
கொடுக்கவில்லை. நேரமாகிவிட்டது.
(நேரம் இருந்தது.)

பாசிர் ரிஸ்ஸிலிருந்து பூன் லே வரை
மடியில் பழுப்புத் தாள், கையில் பேனா.
கைபேசியைக் கேட்டால் நொடியில் சொல்லும்,
அது ஏமாற்று.

ஐநூற்றுப் பத்து, மறுபடி ஐநூற்றுப் பத்து.
மூன்றிலக்கத்தை இருமுறை அடுக்கினால்
ஆயிரத்தொன்றால் பெருக்கியதாகிறது.
ஆயிரத்தொன்றின் உள்ளே ஏழு, பதினொன்று, பதின்மூன்று;
ஐநூற்றுப் பத்தின் உள்ளே
இரண்டு, மூன்று, ஐந்து, பதினேழு.
தெம்பினிஸ் வருமுன் முடிந்துவிட்டது.
முதல் ஏழு பகா எண்களும்
யாரும் விடுபடாமல்,
யாரும் இரண்டாம் முறை வராமல்,
ஒரே வீட்டில்!

பிறகு என்னுடையது.
இரண்டால் வகுத்தேன், மீதி ஒன்று.
மூன்றால், மீதி ஒன்று.
சீமெய், தானா மேரா, பிடோக்,
அந்த ஏழு பேரில் யார் வந்து தட்டினாலும்
ஒன்று மட்டும் உள்ளேயே நின்றது.

பன்னிரண்டு வருடமாகத் தனியாள்.
என் முகவரி பகா எண்தான் என்று
கணக்குப் போடாமலே நம்பியிருந்தேன்.
கொஞ்சம் பெருமையும் இருந்தது.
பகாதது, பகிராதது,
தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே வகுபடுவது.

காலாங்கில் பத்தொன்பது வந்தது.
மீதி இல்லை.
பேனாவை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன்.
மிஞ்சிய 26869
ரெட்ஹில் வரை அசையவில்லை, கிளிமெண்டி வரை அசையவில்லை,
பதினாறு பேரைத் திருப்பி அனுப்பியது.
ஜூரோங் கிழக்கில், கதவு திறக்கும்போது,
தொண்ணூற்றேழு.
எதிரே இருநூற்று எழுபத்தேழு.

ஆக, நானும் பகு எண்.
வகுப்பவர்கள் எனக்குத் தெரிந்த ஏழு பேருக்கு
வெளியே இருந்தார்கள், அவ்வளவுதான்.

மத்தியானம் கிடங்கில், சீட்டுகளுக்கு நடுவே
இன்னொன்றும் கிடைத்தது:
எழுநூற்றுப் பதினான்கை
அடுத்த வீட்டு எழுநூற்றுப் பதினைந்தால் பெருக்கினால்
அவள் முகவரி.

இரவு எட்டரைக்கு 510இன் மின்தூக்கியில் ஏறினேன்.
கதவோரம் காலணிகள். எண்ணினேன்.
ஏழு ஜோடி இருந்திருந்தால் நன்றாயிருக்கும்;
ஒன்பதும் ஒரு ஒற்றைச் செருப்பும்.

பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள்,
நான்கு பக்கமும் என் வகுத்தல்.
“இதென்ன?” என்றாள்.
மன்னிப்புக் கேட்கத் தொடங்கி
வேறெதையோ சொன்னேன்:
“உங்கள் வீட்டில் மிச்சமே வராது.”

சிரித்தாள். உள்ளே யாரோ தொலைக்காட்சியைக் குறைத்தார்கள்.
“மிச்சமா? நேற்றைய அசாம் பெடாஸ்
ஒரு சட்டி நிறைய இருக்கிறது.
சாப்பிட்டீர்களா?”

இன்னும் இல்லை.