புள்ளிவரி

உரிமம் வேண்டாத துப்பாக்கி என்றான் தேனப்பன்.
அரசாங்கத்துக்கு வேண்டாம், சரி.
நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே.

திங்களன்று எழுபதாயிரம்.
செவ்வாயன்று எழுபத்தாறு.
புதன்கிழமை இட்லி ஆறிக்கொண்டிருக்க
"வரி சேர்க்காம எண்பத்தி நாலு" என்றான்
சட்னியைப் பார்த்து.

காரைக்குடியில், வங்கியில்,
நகைக்கடன் பிரிவில் உட்காருகிறவள் நான்.
தட்டில் சங்கிலி விழுவதற்குள்
முகத்தில் எத்தனை கிராம் குறைகிறது என்று தெரிந்துவிடும்.

"மொத்தமா எவ்வளவு?"
"ஜாக்கெட்டோட சேர்த்தா?"
"என்ன ஜாக்கெட்?"
"கான்வாஸ். உடம்பு ஆடக் கூடாதுல்ல."
சித்திரை வெயில். மின்விசிறிக்குக் கீழேயே
அவனுக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.
ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்.

காக்கையைச் சுட இல்லை, குரங்கை விரட்டவும் இல்லை.
பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை,
அட்டை நடுவே கறுப்பு,
கறுப்பின் நடுவே அரை மில்லிமீட்டரில்
வெள்ளையாய் ஒரு புள்ளி.
கடுகில் கால்வாசி.

எங்கள் வளவு பத்து மீட்டரைத் தாண்டும்.
ஆனால் அதில் எங்களுக்கு ஒன்பதில் ஒரு பங்குதான்.
குண்டு எங்கள் பங்கில் புறப்பட்டு
கோலாலம்பூர் அண்ணன் பங்கின் மேலே பறந்து
கோயம்புத்தூர்க்காரர் சுவரில் போய்த் தைக்கும்.
எட்டுப் பேரிடமும் வாட்ஸப்பில் சம்மதம் வாங்கியிருந்தான்.
கோலாலம்பூர் அண்ணன் கட்டைவிரல் காட்டியிருந்தார்.
எல்லாருக்கும் பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறான்.
விலை இல்லை, அதுதான் சுட்டது.

அதற்கு மேல்,
சமையலறையில் ரவை டப்பாவுக்குப் பின்னால்
இன்னொரு ரவை டப்பா.
ஐந்நூறு ஈயக் குண்டு.
கொஞ்சம் அசந்திருந்தால் உப்புமா கிண்டியிருப்பேன்.

"துப்பாக்கி வர்றதுக்கு முன்னாடியே
குண்டு வந்தாச்சு. அப்புறம் என்ன
என்கிட்ட ஒரு கேள்வி?
நாற்பத்தேழு வயசில ஒரு பொம்மைக்கு
ஒரு லட்சமா?"

அவன் பதில் சொல்லவில்லை.
எழுந்து போய்
மீன்தொட்டி முன்னால் நின்றான்.
உள்ளே என் அரவானா,
மூவாயிரம் ரூபாய் என்று நான் சொல்லியிருந்த அரவானா,
வெள்ளிப் பட்டையாய்த் திரும்பியது.

"பதினோராயிரத்து ஐந்நூறு" என்றான்,
என்னிடம் இல்லை, மீனிடம்.
"ஃபில்டர் தனி."

கையிலிருந்த தட்டை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
"எப்பத் தெரியும்?"
"போன ஆடியிலேயே.
மீன்கடை சோலைமலையும்
எங்க கிளப்லதான் சுடறாரு."

ஆடியிலிருந்து சித்திரை.
இதற்கிடையே மின்கட்டணம் வந்த இரவு இருந்தது;
"டீக்கடைக்கு மட்டும் மாசம் எவ்வளவு போகுது?"
என்று விரல்விட்டு எண்ணி
அவனை நான் நிறுத்திவைத்த ஞாயிறு இருந்தது.
அப்போதெல்லாம்
ரவை நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டு
இந்த மனுஷன்
விசையில் விரலே வைக்கவில்லை.

மேசையில் கோயில் கடிதம் கிடந்தது.
குடமுழுக்குக்கு வரி, புள்ளிக்கு நாலாயிரம்.
கல்யாணம் ஆகிவிட்டால்
நகரத்தார் கணக்கில்
இரண்டு பேரும் சேர்ந்து ஒரே புள்ளி.
இருபது வருஷமாகக் கட்டுகிறோம்.
அத்தனை சின்ன இடத்தில்
அவனும் நானும் நிற்பதே நெருக்கடி,
மூன்றடி மீன்தொட்டி வேறு.

கடிதத்தின் பின்புறத்தில் எழுதினேன்:
துப்பாக்கி, வரி உட்பட,
தொண்ணூற்றொன்பதாயிரத்து நூற்று இருபது.
அதற்குக் கீழே
அரவானா, சரியான விலை.
அடிக்கோடு போட்டேன்.

"ஜாக்கெட்?"
"அடுத்த வருஷம்."
"ஜாக்கெட் இல்லாம ஆடுமே, உமையா."
"ஆடட்டும்."