காதுக்குறி

சாண்டோய் தீவில் மரங்கள் கிடையாது.
ஏறி ஒளிந்துகொண்டு
நீர் கடந்துபோவதைப் பார்க்க ஒரு கிளை இல்லை.
அதனால்தான் இத்தனை தாமதம் என்று
சொல்லிப் பார்த்தேன், ஆண்டவரே.
நீர் சிரிக்கவில்லை.

பதினோரு வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம்.
மலையை இடுப்புவரை விழுங்கியிருந்தது மூடுபனி.
ட்ரொண்டுரின் குட்டி, பால்மறக்காத பெட்டை,
என் கற்சுவரைத் தாண்டி வந்து நின்றது.
அவன் குறி, இடக்காதின் நுனியில் ஒரு பிளவு.
என் குறி, நுனியே இல்லாத நேர்வெட்டு.
கத்தி பையில்தான் இருந்தது.
ஒரே இழுப்பு.
அவனுடையது என்னுடையதாயிற்று.
நகத்தளவுதான் அந்தத் துண்டு.
பாசியில் எறிந்தேன்;
காகம் கொண்டுபோயிற்று.

அடுத்த திருவிருந்தில்
அதே கையை நீட்டித்தான் அப்பம் வாங்கினேன்.

அது வளர்ந்தது. ஈன்றது.
ஈன்றவை ஈன்றன.
ஒவ்வொன்றும் முழுக்காதோடு பிறந்தது.
ஒவ்வொன்றையும் நான் வெட்டினேன்.
திருட்டு ஒருநாள் வேலை என்று நினைப்பவர்கள்
ஆடு வளர்த்ததில்லை.

இடி இடித்து அழைப்பு வரவில்லை எனக்கு.
பிப்ரவரியில் ஒரு ராத்திரி
சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து
முடி வெட்டினாள் சுன்னுவா.
கத்தரிக்கோல் என் காதில் பட்டுவிட்டது.
"ஐயோ, மன்னிச்சிடு" என்றாள்,
ரத்தம் எட்டிப்பார்க்கும் முன்பே.
ஒரு மூச்சுகூட ஆகவில்லை அவளுக்கு.
துண்டால் காதைப் பொத்திக்கொண்டு
எரிந்து அடங்கிய பிறகும்
வெகுநேரம் நான் எழுந்திருக்கவில்லை.

கணக்குப் போட்டேன்.
உயிரோடு இருபத்தேழு.
விற்றதும் தின்றதும் முப்பத்துநான்கு.
பழைய விலை, புது விலை,
கம்பளிக்குத் தனியாக.
தாள் நிறைந்ததும் நெஞ்சு லேசானதுபோல இருந்தது;
அந்த லேசை நான் நம்பியிருக்கக் கூடாது.

ஆடுகளை ஓட்டிப்போய் அவன் வாசலில் நிறுத்தினேன்.
எல்லாவற்றையும் சொன்னேன்.
ட்ரொண்டுர் ஆடுகளை எண்ணவில்லை.
"ஸ்கூம்" என்றான்.
நுரை என்று அர்த்தம். அவன் நாயின் பெயர்.
குட்டியைக் கடித்துத் தின்றது நாய்தான் என்று
அந்த ஜூனில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு
செங்குத்துப் பாறைக்குக் கூட்டிப்போனானாம்.
"வழியெல்லாம் வாலாட்டிக்கிட்டே வந்துச்சு"
என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

என் தாளில் நாய் இல்லை.

நொறுங்கினேன் என்று சொல்வார்கள் இதை.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஈரப்புல்லில் உட்கார்ந்தேன்,
கால்சட்டை நனைந்தது,
இருபத்தேழும் என்னைச் சுற்றி
நிம்மதியாக மேய்ந்தன.
கொடுத்துத் தீர்க்கலாம் என்று வந்தவனிடம்
கொடுக்க ஒன்றுமில்லை.
அப்போதுதான், ஆண்டவரே,
முதல்முறையாக உம்மிடம் பேசினேன்.
அதற்குமுன் பேசியதெல்லாம் பேரம்.

ஆடுகளை எடுத்துக்கொண்டான்.
பண உறை திரும்பி வந்தது.
ஞாயிறன்று போதகர் பாவமன்னிப்பை உரக்க அறிவித்தார்;
முன்வரிசையில் ட்ரொண்டுரின் பிடரி அசையவில்லை.
இரண்டும் உண்மை.
இரண்டுக்கும் நடுவில் உட்காரக்
கற்றுக்கொண்டிருந்தேன் ஒரு வருடம்.

நேற்று சுவரோரம் வந்து நின்றான்.
"குறி போடணும். பிடிக்க ஆள் இல்ல."
காலடியில் ஒரு நாய்க்குட்டி,
பூட்ஸ் கயிற்றைக் கடித்துக்கொண்டு.
பெயர் அவன் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.

குட்டிகளை ஒவ்வொன்றாய்
முழங்காலிடையில் இறுக்கிப் பிடித்தேன்.
வெட்டுப்படாத காது,
வெயில் பின்னாலிருந்து விழுந்து
மெல்லிய நரம்புகள் சிவப்பாய்த் தெரிய,
என் விரல்களுக்கிடையில் சூடாக இருந்தது.
"அசையாமப் பிடி" என்றான்.
பிடித்தேன்.
கத்தி அவன் கையில்.
பிளவு விழுந்தது.