இது வேற கேஸ்

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது
வளைவுகள் இருபதிலிருந்து ஒன்றுக்குக் குறையும்.
நான் ஒன்றிலிருந்து ஐந்துக்கு எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஐந்தில் ஆம்பு பையை ஓர் அமுக்கு.
தீர்த்தனின் மார்பு எழும்.
மறுபடி ஒன்று.

கட்டுவிரியன் கடித்த இடம் வலிப்பதில்லை.
எஸ்டேட் லைன் வீட்டில் தரையில் படுத்திருந்தவன்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறான்.
சோடா வாங்கக் கடை இல்லை, ஊரடங்கு.
சீரகத் தண்ணீர் குடித்துப் படுத்தான்.
பிறகு இமைகள் சரிந்தன,
பாதி இறக்கிய ஷட்டர் மாதிரி.
மலை ஆஸ்பத்திரியில் பத்து பாட்டில் விஷமுறிவு ஏற்றிவிட்டு
டாக்டர் சொன்னார்:
மருந்து போயிருச்சு, இனி மூச்சு மட்டும்தான் வேணும்.

மூச்சு மட்டும்.
அந்த மே மாதம் சேலமே அதைத்தான் கேட்டு நின்றது.

இருதயராஜ் சைரன் போடவில்லை.
யாரை விலக்க?
கோரிமேடும் அஸ்தம்பட்டியும் துடைத்துவிட்டதுபோல் கிடந்தன.
இவ்வளவு சீக்கிரம் ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை
பெரியாஸ்பத்திரி வாசலுக்கு.
வாசலில், எங்களுக்கு முன்னால்
பதினோரு வண்டிகள்.

"காய்ச்சலா?"
"பாம்பு."
"ஸ்வாப் எடுத்தாச்சா?"
"பாம்புங்க."
கவச உடைக்குள்ளிருந்து ஒரு கை விரிந்தது.
"இது வேற கேஸ். வெண்டிலேட்டரெல்லாம் அந்தப் பக்கம் போயிருச்சு."

ஐந்து ரோட்டுத் தனியாருக்குப் பேசினேன்.
முதலில் முன்பணம் சொன்னார்கள்.
பிறகு, பணமும் வேண்டாம், வராதீர்கள் என்றார்கள்.

மூன்று. நான்கு. ஐந்து.
கையுறைக்குள் வியர்வை விரல்நுனியில் தேங்கியது.
கட்டைவிரல் மரத்ததும் சின்னாயிக்குச் சொல்லிக்கொடுத்தேன்:
இப்படிப் பிடி, அவசரப்படாதே,
நீ மூச்சு விடும்போது அவருக்கும் விடு.
அவள் அழுதபடி அமுக்கினாள்.
மிளகு பறிக்கும் கை. கணக்குத் தவறவில்லை.

முன்வண்டியில் ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார்.
மகளோ மருமகளோ,
எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டே இருந்தாள்.
ஒருமுறை திரும்பி எங்கள் பையைப் பார்த்தாள்.
ஆசையாக.

விடிந்தது.
சிலிண்டர் முள் சிவப்பைத் தொட்டது.
இருதயராஜ் இன்னொரு வண்டிக்காரரிடம்
கால் சிலிண்டர் கடன் வாங்கி வந்தார்,
சர்க்கரை வாங்கி வருகிற மாதிரி.

ஆறரைக்கு ஒரு நர்ஸ் வந்தாள்.
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:
"மிஷின் ஒண்ணு காலியாயிருக்கு. சீக்கிரம்."
எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை.
ஓடினோம்.
நடைபாதையில் எதிரே வந்த ஸ்ட்ரெச்சருக்கு
ஒதுங்கி வழிவிட்டோம்.

ஒன்பதாம் நாள் பார்க்கப் போனேன்.
குழாய் எடுத்துவிட்டிருந்தார்கள்.
குரல் இன்னும் திரும்பவில்லை, காற்றாகத்தான் வந்தது.

எல்லாம் கேட்டுச்சுக்கா, என்றான்.
கண்ணைத் திறக்க முடியல, விரலை அசைக்க முடியல.
ஆனா காது இருந்துச்சு.
இது வேற கேஸுன்னு சொன்னது.
நீங்க எண்ணினது.
ஒரு தடவை நாலோட நிறுத்திட்டீங்க,
அஞ்சு வர ரொம்ப நேரமாச்சு.

ஆமாம். நிறுத்தினேன்.
மணி நாலரை இருக்கும்; தூங்கிவிட்டேனோ,
வேறெதையாவது நினைத்தேனோ, தெரியவில்லை.
அதை யாரிடமும் சொன்னதில்லை.

"அக்கா, பக்கத்து வண்டியில ஒருத்தர்
இருமிக்கிட்டே இருந்தாரே.
வெளிச்சம் வர்ற நேரம் சத்தம் நின்னுச்சு.
அவருக்கு பெட் கிடைச்சிருச்சா?"

சின்னாயி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
ஒரு சுளையை என்னிடம் நீட்டினாள்.
வாயில் முகக்கவசம் இருப்பதை
இருவருமே மறந்திருந்தோம்.