பேர் விழுகிற வரி

மகாராஜநகரில் எட்டு மாடி எழும்புகிறது.
சனிக்கிழமைதோறும் கூலிப் பதிவேட்டை நீட்டுவது
என் வேலை.
பாதிப் பேர் பெருவிரல் வைப்பார்கள்,
மீதிப் பேர் பேரைக் கிறுக்குவார்கள்.
டைல்ஸ் ஒட்டுகிற ஹபிபுர் மொண்டல் மட்டும்
ரெண்டு வரி எழுதுவான்.
கட்டம் போதாமல்
அடுத்தவன் கட்டத்துக்குள் போய்
அவன் எழுத்து கால் நீட்டிப் படுக்கும்.

பேரை மட்டும் போடுப்பா என்றேன்.
பேர் உள்ளதான் இருக்கு அக்கா,
தேடிப் பாருங்க என்றான்.
மூணு வருஷத் தமிழ்,
பாதி மேலப்பாளையம் டீக்கடையில் பொறுக்கியது.

கொடியில் காயப்போட்ட துணி போல
மேல்கோட்டைப் பிடித்துத் தொங்கும் எழுத்து.
அதில் ஒரு இடத்தில் விரல் வைத்தான்.
அன்றைக்குப் படித்தேன்.
இன்றைக்கும் எனக்குத் தெரிந்த வங்காளம்
அவன் பேர் மட்டும்.

அவர்கள் பக்கத்துக் கவிகள்
பல நூறு வருஷமாக இப்படித்தானாம்:
கடைசி வரிக்கு வந்ததும்
'இன்னான் சொல்லுகிறேன், கேளுங்கள்' என்று
தன் பேரைத் தானே கூப்பிட்டு
வாசலில் நிறுத்திவிடுவது.
படகு தள்ளினவன், ராசா வீட்டுச் சோறு தின்றவன்,
ராதையாகி அழுத ஆம்பிளை,
தொழுதுவிட்டு வந்து கண்ணனைப் பாடினவன்.
அப்புறம் அச்சு வந்தது.
பேர் அட்டைக்கு ஏறிவிட்டது.
"வரிக்குள்ள ஆள் இல்லாமப் போச்சு அக்கா."

அந்தத் தாடிக்காரர்? என்று கேட்டேன்.
எல்லாரும் அவரையே கேக்கிறீங்க,
அவருக்கு முன்னாடி ஐந்நூறு பேர்
வரிசையில நிக்கிறாங்க என்றான்.
ஒரே பேரில் நாலு பேர் எழுதிவிட்டுப் போனதும் உண்டாம்;
எது எவன் பாட்டென்று
இன்னும் சண்டை ஓயவில்லையாம்.
எங்களிடமும் உண்டு,
ஒரே பேரில் மூணு கிழவி என்றேன்.
அதற்கு ரொம்ப நேரம் சிரித்தான்.

ஒரு சனிக்கிழமை எழுதியதைச் சொல்லிக் காட்டினான்:
*பத்மா என் வீட்டைத் தின்றது, தாமிரபரணி சட்டையை வெளுத்தது;*
*ஹபிபுர் சொல்கிறான், ஆற்றோடு எனக்குக் கணக்கு முடியவில்லை.*

ஐப்பசியில் ஆடிட்டர் வந்தார்.
ஒவ்வொரு வாரமும் வேறு கையெழுத்து என்று
பென்சிலால் இடித்தார்.
பேர் ஒன்றுதான் சார், வரிதான் வேறே என்று
நான் விரல் வைத்துக் காட்டப் போனேன்.
காட்டும்போதுதான் எனக்கே தெரிந்தது.
கடைசி மூணு வாரம்
பேர் அதேதான்.
கை அவன் கை இல்லை.
ஒன்று இடப்பக்கம் சாய்கிறது,
ஒன்றில் மேல்கோடே இல்லை, துணியெல்லாம் தரையில் கிடக்கிறது,
ஒன்று எறும்பு.

சாயங்காலம் கூப்பிட்டுக் கேட்டேன்.
இந்தாஜ் ஷேக், தபன், கொய்ருல் மூணு பேரும்
சிமெண்டுக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
ஹபிபுர் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்.
மஞ்சள்காமாலை.
அவன் பங்கு டைல்ஸை
ஆளுக்கொரு ராத்திரி
பல்பு வெளிச்சத்தில் இவர்கள் ஒட்டியிருக்கிறார்கள்;
ஊருக்குப் பணம் நிற்கக் கூடாதே.

ஆறாம் மாடிக்கு ஏறி
நாணயத்தால் தட்டிப் பார்த்தேன்.
ஒரு கல்லும் பொள்ளல் இல்லை.

சரி, கட்டத்தில் என்ன எழுதினீர்கள்?
இந்தாஜ் படித்தான்:
மணல் வருது, ஜல்லி வருது,
ஹபிபுர் சொல்றான், டீ மட்டும் வரலை.
தபன் எழுதியது
சின்ன வயசில் திருவிழாவில் கேட்ட பாட்டின் வால்,
அதில் யாருடைய பேரையோ வெட்டிவிட்டு
இவன் பேரை வைத்திருக்கிறான்.
கொய்ருலுக்கு ஒன்றும் வரவில்லை.
ஹபிபுர் பெண்டாட்டியின் போன் நம்பரை எழுதி
கீழே பேரைப் போட்டிருக்கிறான்.
அந்த எறும்பைத்தான்
நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாலு வருஷமாக
பதிவேட்டின் அடியில் நான் போடுவது
ஒரு சுழி, ஒரு புள்ளி.
இந்த வாரம்
ஆடிட்டரின் சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில்
இருந்த இடத்தில் எழுதினேன்:

கை மூணு, ஆள் ஒன்று, வேலை சுத்தம்;
முப்பிடாதி சொல்கிறேன், கூலியைக் கொடுங்கள்.